‘ஒத்துப்போகிறோம்’, ஆனால் ‘கலவரம் வரும்’: ஒரே நகரம் இரண்டையும் சொல்வது எப்படி?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 1992-இல் பெரிய கலவரம் நடந்தது. ஐந்து ஆண்டு கழித்து, அந்த நகரத்திலுள்ள லொயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டது. அடுத்த ஐந்து ஆண்டுக்குள் இதேபோல் இன்னொரு கலவரம் வருமா? அன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இதைக் கேட்டு வருகிறார்கள். ‘வரும்’ என்றவர்களின் பங்கு படிப்படியாகக் குறைந்து வந்தது. 2017-இல் முதல்முறையாக ஏறியது. பத்தில் கிட்டத்தட்ட ஆறு பேர் ‘வர வாய்ப்பிருக்கிறது’ என்றார்கள்.

உடனே பலரும் சொன்னது, ‘பார்த்தீர்களா, மக்கள் மறுபடி ஒருவரையொருவர் வெறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்’ என்பதுதான். ஆனால் அதே கருத்துக்கணிப்பில், நகரத்தின் இனக்குழுக்கள் ஒன்றோடொன்று நன்றாகவே பழகுகின்றன என்றும் பெரும்பான்மையோர் சொல்லியிருந்தார்கள்.

இரண்டையும் சொன்னது ஒரே மக்கள்தான். யாரும் பொய் சொல்லவில்லை, குழம்பவும் இல்லை. இன உறவு பற்றிய கணிப்புகளைப் பற்றி நாம் பேசும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. இந்த எண்கள் எதை அளக்கின்றன, எதை அளக்கவில்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் இந்த முடிச்சு தானாக அவிழும்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தொடங்குவோம்

நாற்பது வீடுகள் உள்ள குடியிருப்பு ஒன்று. அங்கே வீடு வீடாகப் போய் மூன்று கேள்வி கேட்கிறீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரை உங்களுக்குப் பிடிக்குமா? பெரும்பாலானோர் ‘பிடிக்கும்’ என்பார்கள். இங்கே எல்லாரும் ஒற்றுமையாக இருக்கிறீர்களா? கொஞ்சம் யோசித்து, ‘பரவாயில்லை, ஓரளவு’ என்பார்கள். தண்ணீர் பிரச்சினையில் நிர்வாகம் எல்லா வீட்டையும் ஒரே மாதிரி நடத்துமா, இல்லை, ஒருநாள் பெரிய சண்டை வெடிக்குமா? இப்போது முகம் மாறும். ‘வெடிக்கும். எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்?’

பக்கத்து வீட்டுக்காரர் மேல் பிரியம் இருக்கும்போதே, குடியிருப்பில் சண்டை வரும் என்று ஒருவர் நம்ப முடியும். முதல் கேள்வி அவருடைய மனதைக் கேட்கிறது. இரண்டாவது, அவர் கண்ணில் படுவதைக் கேட்கிறது. மூன்றாவதோ நிர்வாகத்தின் மேல் அவருக்கிருக்கும் நம்பிக்கையைக் கேட்கிறது.

நகரத்திலும் இப்படித்தான். இன்னொரு இனத்தவரைப் பற்றி ஒருவர் மனதில் இருக்கும் சாய்வுக்கு ‘மனப்போக்கு’ என்று பெயர். நகரத்தில் இனங்களுக்கிடையே நிலைமை எப்படி இருக்கிறது என்று அவர் நினைப்பதை ‘நிலைமை மதிப்பீடு’ என்று வைத்துக்கொள்வோம். செய்தித் தலைப்புகள் இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிடுகின்றன.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு காலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கா முழுவதும் எடுத்த கணிப்புகளே சாட்சி. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே உறவு நன்றாக இருக்கிறது என்றவர்கள் 2013-இல் 70 சதவீதம். 2015-இல் 47 ஆனது. 2021-இல் 42. செங்குத்தான சரிவு. அதே காலத்தில், இந்த இரண்டு இனத்தவரும் ஒருவரையொருவர் மணப்பதை ஏற்போர் 2013-இல் 87 சதவீதமாக இருந்து 2021-இல் 94 ஆனார்கள். கலப்பு மணத்தை ஏற்பவர்கள் கூடிக்கொண்டிருந்த அதே எட்டு ஆண்டில், நிலைமை கெட்டுவிட்டது என்றவர்களும் கூடினார்கள். வெறுப்பு வளர்ந்தது என்று சொன்னால் முதல் எண்ணுக்குத்தான் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது.

சுருக்கமாக: ‘உறவு மோசம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் வெறுக்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் எதையோ பார்த்திருக்கிறார்.

அவர்கள் பார்த்தது என்ன?

லாஸ் ஏஞ்சலிஸில் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல வீட்டுப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த வீட்டை விற்கக் கூடாது, அவர்கள் இதில் குடியிருக்கவும் கூடாது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் கப்பல், விமானத் தொழிற்சாலை வேலைகளை நம்பி ஏராளமான கறுப்பினத்தவர் நகரத்துக்கு வந்தபோது, அவர்களுக்குத் திறந்திருந்த தெருக்கள் கொஞ்சம்தான். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் சொன்னது. தீர்ப்பு வந்ததும் தெருக்கள் கலந்துவிடவில்லை.

1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில், ஒரு கறுப்பின இளைஞரின் காரை போலீஸ் நிறுத்தியதில் தொடங்கிய தகராறு ஆறு நாள் கலவரமாக வளர்ந்தது. 34 பேர் இறந்தார்கள்.

பிறகு 1991. மார்ச் 3 அன்று ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை போலீசார் சூழ்ந்து நின்று தடியால் அடித்தார்கள். எதிர் அடுக்ககத்தில் குடியிருந்த ஒருவர் அதைத் தன் பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. பதின்மூன்று நாள் கழித்து, மார்ச் 16 அன்று, நகரத்தின் தெற்குப் பகுதியில் ஒரு மளிகைக் கடையில் இன்னொரு சம்பவம். 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி ஆரஞ்சுச் சாறு பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கல்லாவை நோக்கி வந்தாள். கையில் 2 டாலர் இருந்தது. திருடுகிறாள் என்று நினைத்த கொரியக் கடைக்காரப் பெண்மணி அவளைப் பிடித்து இழுக்க, கைகலப்பு நடந்தது. பாட்டிலை விட்டுவிட்டுத் திரும்பி நடந்த சிறுமியை அவர் சுட்டுவிட்டார். அவருக்குச் சிறைத்தண்டனை கிடைக்கவில்லை, நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டுவிட்டார்கள்.

1992 ஏப்ரல் 29 அன்று, கிங்கை அடித்த வழக்கில் போலீசார் நால்வர்மீதும் தாக்குதல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. நடுவர் குழுவில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. அன்று மாலையே நகரம் எரிய ஆரம்பித்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 100 கோடி டாலர் சொத்து நாசமானது. 2,000-க்கும் மேற்பட்ட கொரியர் கடைகள் சேதமடைந்தன அல்லது எரிந்தன. தங்கள் கடையையாவது விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், ‘இது கறுப்பினத்தவர் கடை’ என்று பலர் கண்ணாடியில் கையால் எழுதி வைத்தார்கள். மூன்றாம் நாள் கிங் கேமராக்களுக்கு முன்னால் வந்து, தடுமாறிய குரலில் கேட்டார்: ‘நாம் எல்லாரும் ஒத்துப்போக முடியாதா?’

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிங் கேட்டது மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகுவதைப் பற்றி. தெருவுக்கு வந்தவர்களின் கோபம் நீதிமன்றத்தின் மேலும் போலீசின் மேலும். ‘ஒத்துப்போகிறோம்’, ‘கலவரம் வரும்’ என்ற இரண்டு பதில்களும் இந்த இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்துதான் வருகின்றன.

எண் நகர்ந்தால், எது நகர்ந்தது?

ஒரே கேள்வியை ஒரே சொற்களில், சில ஆண்டுக்கு ஒருமுறை, அப்போது அங்கே வசிப்பவர்களிடம் கேட்பதைத் தொடர் கணிப்பு என்கிறோம். அதன் வரைபடத்தில் கோடு ஏறினாலோ இறங்கினாலோ ‘மக்கள் மனம் மாறிவிட்டார்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் யாருமே மனம் மாறாமல்கூடக் கோடு நகரலாம்.

ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். சராசரி மதிப்பெண் 60. நன்றாகப் படிக்கும் ஐந்து பேர் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். சராசரி இறங்கிவிடும். மீதி இருக்கும் யாருடைய மதிப்பெண்ணும் குறையவில்லை. வகுப்பில் இருப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

நகரத்தில் இது இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, குடிபெயர்வு. வாட்ஸ் 1965-இல் பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த இடம். இன்று அங்கே பெரும்பான்மை லத்தீனோக்கள், அதாவது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா போன்ற இடங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். நகரம் முழுவதிலும் இப்போது பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அவர்கள்தான். கறுப்பினத்தவர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, 1960-களிலும் இன்றும் ‘லாஸ் ஏஞ்சலிஸ் மக்கள்’ என்று சொன்னாலும், நாம் பேசுவது வேறு வேறு மக்களைப் பற்றி.

இரண்டாவது, பிறப்பும் இறப்பும். பழைய எண்ணத்தோடு வளர்ந்த தலைமுறை மறைகிறது, வேறு எண்ணத்தோடு வளர்ந்த தலைமுறை அந்த இடத்துக்கு வருகிறது. தனிமனிதர் யாரும் மாறாமலே சமூகம் மாறிவிடுகிறது. இதற்குத் தலைமுறை விளைவு என்று பெயர். எல்லா வயதினரையும் ஒரே நேரத்தில் ஒரு நிகழ்வு அசைத்துவிட்டால் அது கால விளைவு.

இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது: வேகத்தைப் பார்ப்பது. கலப்பு மணத்தை ஏற்போர் 1958-இல் 4 சதவீதம்தான். அது 94-ஐத் தொட அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. ஏறியது ஏணிப்படி மாதிரி, இறங்கியது மிக அரிது. தலைமுறைகள் மாறுவதன் தடம் இதில் நன்றாகத் தெரிகிறது. உயிரோடு இருந்தவர்களிலும் பலர் மனம் மாறியிருக்கிறார்கள், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நிலைமை மதிப்பீடோ இரண்டே ஆண்டில் 70-லிருந்து 47-க்கு விழுந்தது. இரண்டு ஆண்டில் ஒரு தலைமுறை மறைந்துவிடாது. 2014-இல் ஃபெர்குசன் ஊரில் கறுப்பின இளைஞர் ஒருவரை போலீஸ்காரர் சுட்டுக் கொன்றதும், அடுத்தடுத்து வந்த கைபேசி வீடியோக்களும் நடுவில் இருக்கின்றன. மனப்போக்கு மரம் வளர்வதுபோல மெதுவாக மாறும். நிலைமை மதிப்பீடு வானிலையைப்போல ஒரே நாளில் மாறக்கூடியது.

இங்கே எனக்கு முக்கியமாகத் தோன்றும் இன்னொன்று. கலிபோர்னியாவில் கலப்பு மணத் தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1948-இலேயே நீக்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார அலுவலகம் திருமண உரிமம் தர மறுத்த ஒரு ஜோடி போட்ட வழக்கு அது. நாட்டில் 4 சதவீதம் பேர்தான் ஏற்றார்கள் என்ற கணிப்பு அதற்குப் பத்து ஆண்டு பின்னால் வருகிறது. மக்கள் மனம் மாறட்டும், அப்புறம் சட்டத்தை மாற்றலாம் என்று அந்த நீதிபதிகள் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அந்த ஜோடியின் ஆயுளில் பெரும்பகுதி போயிருக்கும்.

சரி, 2017-இன் பத்தில் ஆறுக்கு வருவோம். ‘கலவரம் வரும்’ என்ற எண்ணம் 18 முதல் 29 வயதுள்ளவர்களிடம் அதிகம். அந்த வயதினரில் பத்துக்கு ஏழு பேர் அளவில் அப்படிச் சொன்னார்கள். 45 வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர் அளவுதான். அதாவது, 1992-ஐக் கண்ணால் பார்த்தவர்களைவிட, அப்போது பிறந்திராத அல்லது சின்னக் குழந்தைகளாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் கலவரம் வரும் என்ற எண்ணம் அதிகம். பெரியவர்களுக்கு ஒப்பிட 1992 இருக்கிறது. ‘அன்றைக்கு இருந்ததைவிட இன்று எவ்வளவோ தேவலை’ என்று அவர்களால் நினைக்க முடியும். இளையவர்களின் கையில் இருப்பது இன்றைய வீடியோவும், கட்டுப்படியாகாத வீட்டு வாடகையும். இது என் வாசிப்பு. ஆனால் வெறுப்பு கூடியது என்ற விளக்கத்தைவிட இது எண்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

சுருக்கமாக: கோடு நகர்ந்தால் மூன்று பேரைச் சந்தேகியுங்கள். ஆட்கள் மாறினார்களா, தலைமுறை மாறியதா, ஏதாவது நடந்ததா?

முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு உண்மை சொல்வோம்?

மருத்துவர் ‘தினமும் நடக்கிறீர்களா?’ என்று கேட்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் நடப்பவர், ‘பெரும்பாலும்’ என்கிறார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான். கேட்பவர் எதிரில் நல்ல பெயர் எடுக்கும்படி பதில் சாய்வதை ‘நற்பெயர்ச் சாய்வு’ என்று சொல்லலாம். இனம் பற்றிய கேள்வியில் இது கனமாகவே இருக்கும். கேள்வி கேட்பவரின் இனம், நேரில் கேட்கிறாரா, ஃபோனில் கேட்கிறாரா, திரையில் தனியாக உட்கார்ந்து நிரப்புகிறோமா என்பதைப் பொறுத்துக்கூட பதில் மாறுவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்தச் சாய்வுக்குத் தேர்தல் உலகில் ஒரு லாஸ் ஏஞ்சலிஸ்காரரின் பெயரே வைத்திருக்கிறார்கள். டாம் பிராட்லி கறுப்பினத்தவர், முன்னாள் போலீஸ் அதிகாரி. 1973-இல் நகர மேயரானார். அன்று நகரத்தில் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெள்ளையர், யூதர், லத்தீனோ வாக்குகள் இல்லாமல் அவர் ஜெயித்திருக்க முடியாது. இருபது ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். 1982-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்றார். கணிப்புகள் அவர் முந்துவதாகச் சொல்லின. வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்ட கணிப்பும் அப்படியே சொன்னது. வாக்கை எண்ணியபோது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டிய வித்தியாசத்தில் தோற்றிருந்தார். கேட்டவரிடம் ‘பிராட்லிக்கு’ என்று சொல்லிவிட்டு, வேறு பெயருக்குக் குத்தியவர்கள் இருந்திருக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. அதுதான் பிராட்லி விளைவு. தபால் வாக்குகள் எதிர்த்தரப்புக்குப் பெரிய அளவில் போனதுதான் காரணம் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆகவே ஒரே தேர்தலை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. சொன்ன பதிலையும் செய்த செயலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அது நன்றாகக் காட்டுகிறது.

கொள்கைக்கு ஆம், வீட்டுக்கு?

சாய்வே இல்லாமல், மனதாரச் சொன்ன பதிலும் செயலோடு ஒட்டாமல் போவதுண்டு. 1963-இல் கலிபோர்னியா சட்டமன்றம், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அதை ரத்து செய்யும் ‘முன்மொழிவு 14’ என்ற திட்டம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானோர் ரத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்கலாம் என்று நாட்டின் வெள்ளையரில் பெரும்பான்மையோர் கணிப்புகளில் சொல்லிக்கொண்டிருந்த அதே காலம் அது. சமத்துவம் வேண்டுமா என்றால் ‘வேண்டும்’. அதற்காக உங்கள் தெருவில் ஒரு விதி வரட்டுமா என்றால் ‘வேண்டாம்’. 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முன்மொழிவு 14 செல்லாது என்றது. நடுவில்தான் வாட்ஸ் எரிந்தது.

பழகினால் சரியாகிவிடுமா?

‘பக்கத்தில் வாழ்ந்தால் வெறுப்பு போய்விடும்’ என்று நாம் எல்லாருமே சொல்வோம். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-இல் இதை ஒழுங்காக எழுதிவைத்தார். தொடர்புக் கருதுகோள் என்று அதற்குப் பெயர். அதை மேற்கோள் காட்டுபவர்கள் பாதியை மறந்துவிடுகிறார்கள். பழக்கம் வெறுப்பைக் குறைக்க நான்கு சூழல் வேண்டும் என்றார் அவர். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான இலக்கு இருக்க வேண்டும். அதைச் சேர்ந்து செய்ய வேண்டும். சட்டமோ நிர்வாகமோ அந்தப் பழக்கத்துக்குத் துணைநிற்க வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகள் நான்கும் முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவு பலன் உண்டு என்று கண்டன. ஆனால் இருந்தால் பலன் கூடுதல்.

1991-இன் அந்த மளிகைக் கடை மாதிரியான கடைகளில் இதைப் பொருத்திப் பாருங்கள். கொரியக் கடைக்காரரும் கறுப்பின வாடிக்கையாளரும் தினமும் சந்தித்தார்கள். பல கடைகளில் கல்லாவுக்கு முன்னால் தோட்டா துளைக்காத கண்ணாடி. காசு ஒரு சின்னத் திறப்பு வழியாக உள்ளே போகும், மிச்சச் சில்லறை அதே வழியாக வெளியே வரும். கடைக்காரர் குடும்பத்தோடு நாளுக்குப் பதினான்கு மணி நேரம் நின்று, திருட்டுக்குப் பயந்துகொண்டே வியாபாரம் பார்த்தார். வாடிக்கையாளருக்கு அந்த வட்டாரத்தில் வேறு கடை அதிகம் இல்லை, உள்ளே நுழைந்ததும் தன்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்ற எரிச்சல். சம நிலை இல்லை, பொதுவான இலக்கு இல்லை, சேர்ந்து செய்யும் வேலை இல்லை. கலவரத்தின்போது போலீஸ் அந்தத் தெருக்களை விட்டுப் போய்விட்டது, அப்போது நான்காவதும் போனது. சந்திப்புகள் ஆயிரம் நடந்தும் பழக்கம் நடக்கவே இல்லை.

ஒரே தொழிற்சங்கத்தில் இருந்து சேர்ந்து கூலி உயர்வு கேட்பவர்கள், ஒரே பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஆசிரியருக்காகப் போராடுபவர்கள், இவர்களின் நிலை வேறு. நகரம் எவ்வளவு ‘கலந்திருக்கிறது’ என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கலந்திருப்பது கண்ணாடிக்கு இரு பக்கமுமா, ஒரே பக்கமா?

2022-இல் அதே பல்கலைக்கழகம் மறுபடி கேட்டபோது, கலவரம் வரும் என்றவர்கள் 2017-ஐவிட இன்னும் கூடியிருந்தார்கள். நடுவில் 2020 இருந்தது. மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரர் ஒருவர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்ற வீடியோவைப் பார்த்துவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் ஆசியர்களும் வெள்ளையரும் தோளோடு தோள் சேர்ந்து நடந்தார்கள். அந்த ஊர்வலத்தில் நடந்த ஒருவரைக் கணிப்பாளர் ஃபோனில் பிடித்திருந்தால், முதல் கேள்விக்கு ‘ஒத்துப்போகிறோம்’ என்றும் இரண்டாவது கேள்விக்கு ‘கலவரம் வரும்’ என்றும் அவர் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்.